மறைவு: தேதி பின்னர்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். ஆனாலும் முழுசாகக் குடித்துவிட்டேன். பேப்பரும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் பாதிதான் சொல்லியிருப்பேன். "உக்காந்து எழுதுங்க, எத்தன பக்கம் ஆனாலும் பரவாயில்ல" என்று முப்பது வருஷத்தில் என்னிடம் ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஞானசிகாமணி அண்ணன் ஆற்றில் போனதைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் நான் ஏதோ ஆத்திரக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு அவர் மேல் ஆத்திரம் எதுவும் கிடையாது.

என் பெயர் சின்னக்கருப்பு. வயது ஐம்பத்தொன்று. ஊர் மார்க்கையன்கோட்டை. சுருளிநேயன் என்ற பெயரில் கவிதை எழுதுகிறேன். ஊரில் அதைச் சுருக்கி "சுருளி" என்பார்கள். தேனியில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது எனக்கு முன்னால் வேறு ஒருவருக்குப் போர்த்திய பொன்னாடை. மடிப்பில் அவருடைய வியர்வை ஈரம் இருந்தது. அது என் கழுத்தில் பட்டது. போட்டோவுக்குச் சிரித்தேன்.

எழுதுகிறவன் வாழ்க்கை என்றால் ஏற்றமும் இறக்கமும் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் ஏற்றத்தை ரெண்டு வரியில் முடித்துவிடலாம். 2009-ல் ஒரு வார இதழில் என் கவிதை எட்டு வரி வந்தது. பக்கத்தில் மூலத்துக்கு மருந்து விளம்பரம். அதற்கப்புறம் ஒரு புத்தகம் போட்டேன், முந்நூறு பிரதி. வெளியீட்டு விழாவில் பேசிய மூன்று பேருமே புத்தகத்தைத் திறக்கவில்லை. மீதி மூட்டை வீட்டுப் பரணில் கிடக்கிறது. போன வருஷம் எலி அதில் குட்டி போட்டது. ரோஸ் கலரில், முடியில்லாமல், இருபத்தேழாம் பக்கத்தின் மேல் நெளிந்தன. என் வீட்டுக்காரி ராமுத்தாய் முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

"நாலு உசுருக்காச்சும் ஒம்புத்தகம் மெத்தையா இருந்துச்சேய்யா" என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, சார். நல்ல மனசோடு சொன்னாள். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

முகநூலில் போட்டால் "அருமை", "சிறப்பு", ரெண்டு கை கூப்பிய பொம்மை. ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம் என்று எங்கள் வீட்டு மிக்சியின் வாரண்டி அட்டையில் இருந்ததை வரிவரியாக உடைத்துப் போட்டேன். அதற்கும் "நெஞ்சைத் தொட்டது தோழர்" என்று வந்தது. அந்தத் தோழர் ஆண்டிபட்டியில் நூல் கடை வைத்திருக்கிறார். அவரும் கவிஞர்தான். அவர் எழுதியதற்கு நானும் படிக்காமல் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சோறு போட்டது சின்னமனூரில் ஈஸ்வரபாண்டியின் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, கட்சி வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி. டிசைன் அவன் போடுவான், வாசகம் நான் எழுதுவேன். ஃப்ளெக்ஸில் மாமன்மார் பேர் வரும், பங்காளிகள் பேர் வரும், எதிர்வீட்டுப் பிள்ளையின் போட்டோகூட வரும். எழுதியவன் பேர் வராது. மை வாடை கையில் ஏறி, சோறு பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை வரும்.

ஒருநாள் குமுளி ரோட்டில் விபத்தில் இறந்துபோன ஒரு வேன் டிரைவருக்கு ஆறு வரி எழுதினேன். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிறேன். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற அம்மா ஒருத்தர், ஜீப்புக்காக நின்றவர், அந்த ஃப்ளெக்ஸை எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார். நாலாவது வரியில் நிறுத்தினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "செத்தது ஒங்களுக்குச் சொந்தமா, ஆத்தா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "இல்லய்யா. யாரு பெத்த பிள்ளையோ, இப்படி எழுதிருக்காகளே" என்றார்.

எழுதிருக்காகளே என்றார், சார். அன்றைக்குக் குடித்த டீ மாதிரி நான் அதற்கப்புறம் குடித்ததில்லை.

அதிலிருந்து நான் சாவுக்கு மட்டும்தான் மனசு வைத்து எழுதினேன். எந்தத் தெருவில் யாருக்கு முடியவில்லை என்று விசாரிப்பேன். ராமுத்தாய், "ஊருல எழவு விழுந்தாத்தேன் ஒனக்குச் சோறு எறங்குது" என்பாள். அது உண்மைதான். நான் மறுத்ததில்லை.

எங்கள் தொழிலில் 'ரெடி மேட்டர்' என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டால், ஆள் வீடு வந்து சேர்வதற்குள் சொந்தக்காரர் யாராவது ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்துவிடுவார். செத்த பிறகு வந்தால் கரெண்ட் இருக்காது, மிஷின் மக்கர் பண்ணும், பக்கத்துத் தெருக்காரன் ஆர்டர் முந்திக்கொள்ளும். மாலை வாங்க ஆள் போவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் ஏறவில்லை என்றால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் எல்லாவற்றையும் தயாராகச் செய்து வைப்போம். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதி போட்டுவிடுவோம். மறைவு என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். போன் வந்ததும் தேதியைத் தட்டி மிஷினில் விட வேண்டியதுதான். ஆள் பிழைத்துவிட்டால் ஈஸ்வரபாண்டி கம்ப்யூட்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம் சுற்றி, ஃபைலை அழித்துவிடுவான். அதில் அவன் கறார்.

போன வருஷம் ஐப்பசியில் ஞானசிகாமணி அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி, தேனியில் கைவிட்டுவிட்டார்கள். மருமகள் மாரீஸ்வரி போட்டோவோடு வந்தது. அண்ணனை உங்களுக்கு உடம்பாக மட்டும்தான் தெரியும். மார்க்கையன்கோட்டையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். வாயில் எப்போதும் வெற்றிலை. என் புத்தக வெளியீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியவர் அவர்தான். ஒரு வரிகூடப் படித்ததில்லை. "நம்மூர்ப்பய எழுதுனதுல்ல" என்று அஞ்சு பிரதி வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் எழுதியது பன்னிரண்டு வரி. ஒரே மூச்சில் வந்தது. முதல் ஏழு வரியை இங்கே எழுதுகிறேன். இதைத் தனித் தாளில் எழுதச் சொன்னாலும் எழுதித் தருகிறேன்.

சத்தமில்லாமல் வந்தவர்
சத்தமில்லாமல் போகிறார்.
எல்லாக் கூட்டத்திலும் கடைசி வரிசை அவருடையது.
அவர் கையில் இருந்ததை
யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.
இன்றைக்கு அந்தக் கை மூடியிருக்கிறது.
இனித் திறந்து பார்த்து என்ன செய்வீர்கள்.

நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. முப்பது வருஷம் எதற்காக உட்கார்ந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரெண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து அயிரைமீன் குழம்பு கேட்டார்.

ஈஸ்வரபாண்டி எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். "அழிச்சிருவோம்ணே" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, நல்லாத்தேன் இருக்கு. பேரையும் போட்டோவையும் மாத்தி அடுத்த கேஸுக்குப் போட்டுக்கிருவமா?" என்றான்.

எனக்கு அவன் மேல் வந்த வெறுப்பை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு ஆளை அளந்து தைத்த சட்டையை அடுத்தவனுக்கு மாட்டலாம் என்கிறான். அது ஞானசிகாமணி அண்ணனுக்காக எழுதியது. அவருக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு எந்தப் பிணத்துக்கும் அதைப் போட முடியாது. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஃபைலை நான் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அவன் கண் முன்னால் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன்.

எட்டு மாதம் காத்திருந்தேன். அண்ணன் தேறிக்கொண்டே போனார். இந்த ஆனி மாதம் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். மாரீஸ்வரி வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறது.

"ஏலே சுருளி, எனக்கு எழவுப்பாட்டு எழுதி வச்சிருந்தியாம்ல. எங்க, வாசி கேப்போம்."

ஈஸ்வரபாண்டிக்கு வியர்த்துவிட்டது. "மாமா, அதெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சு. நீங்க நூறு வருசம் இருப்பீக."

"இருப்பேன்டா. அதுக்காக? ஊரே நின்னு படிக்கும், நான் மட்டும் படிக்கக் கூடாதாக்கும். செத்தவென் கண்ணத் தொறந்தா படிக்கப் போறான்?"

எனக்கு மனப்பாடம். நின்றபடியே பன்னிரண்டு வரியும் சொன்னேன். அண்ணன் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். முடித்ததும் வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா யாருடா இந்த ஆளு?"

"நீங்கதாண்ணே."

"நானா? நான் எங்கடா சத்தமில்லாம இருந்தேன்? கொடிக்கால்ல நின்னு ஒரு சத்தங் குடுத்தா குச்சனூர்ல இருக்கவென் திரும்பிப் பாப்பான். கடைசி வரிசையாம்ல. பந்தியில மொத எல எனக்குத்தான போடுவாக." சிரித்தார். அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நானில்லப்பே. இது வேற எவனோ. பாவம், எவனோ."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

"எனக்கு இது வேணாம்டா. வழக்கமாப் போடுவீகள்ல, இமயம் சரிஞ்சதுன்னு, அதையே போடு. எங்க சனத்துக்கு அதுதேன் புரியும். மதன்குமாரு அடுத்த வாரத்துக்கு மறுவாரம் வெள்ளிக்கிழம சாயந்தரம் திருப்பூர்ல இருந்து வாரான். அவென்ட்டயும் மாரீஸ்வரிட்டயும் சொல்லி வச்சிருறேன். இல்லன்னா நீ பாட்டுக்கு இதப் போட்டுருவ" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மகன் வந்து, அவர் சொல்லிவிட்டால், அந்தக் கவிதை ஒருநாளும் தெருவில் ஏறாது. இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் நான் அவசரப்படவில்லை, சார். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தால் திருத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆளைக் கிட்டத்தில் பார்த்தால் தவறு எங்கே என்று தெரியும். அதனால் தினமும் காலையில் அவரோடு ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன்.

வியாதிக்கு அப்புறம் அவருக்குக் காலில் பலமில்லை. அதுவும் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம். படித்துறையில் கடைசிப் படி வழுக்கும். அவர் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, இன்னொரு துண்டை அதில் முடிந்து, அதன் நுனியை மேல்படியில் ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் கொடிக்கால் வேலையாள் யாராவது பிடிப்பார். நான் வந்ததும் அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டார். "கவிஞரே கயிறு பிடிக்காக" என்று படித்துறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பதினோரு நாள் பிடித்தேன். பதினோரு நாளும் அவர் பேசினார். வருகிறவன் போகிறவனையெல்லாம் முறை சொல்லிக் கூப்பிட்டார். தண்ணீரை வாய் நிறைய அள்ளிக் கொப்பளித்துத் துப்புவார். சிவப்பாக, நூல் நூலாக, என் கால் பக்கம் மிதந்து வரும். பல் இடுக்கில் இருந்ததை நகத்தால் எடுத்துப் படியில் தேய்ப்பார். ஏப்பம் விடுவார். சினைப் பன்றி மாதிரி சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்கு வந்து கவிதையை எடுத்துப் பார்ப்பேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற இடமில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கவிதையில் பிழை இல்லை, சார். ஆள்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

பதினோராவது நாள், வியாழக்கிழமை, ஈஸ்வரபாண்டி ஒரு கல்யாணத்துக்காக ஆண்டிபட்டி போயிருந்தான். மதியம் கடையில் நான் மட்டும் இருந்தேன். பென்டிரைவைச் சொருகினேன். மறைவு என்ற இடத்தில் மறுநாள் தேதியைத் தட்டினேன். மிஷின் ஓடியது. எட்டுக்குப் பத்து அடி. முகம் முதலில் வந்தது, அப்புறம் தேதி, அப்புறம் வரிகள். அடியில், கடையின் பேர் வரும் இடத்தில், முதல் தடவையாகச் சின்ன எழுத்தில் 'வரிகள்: சுருளிநேயன்' என்று போட்டிருந்தேன். ஈரம் காய்வதற்காக ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் படித்துறையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் இறங்கினார். தண்ணீரில் போய்விட்டார்.

அப்படித்தான் நான் உங்களிடம் முதலில் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் அது இல்லை. துண்டின் நுனி என் கையில் இருந்தது. நான் விட்டேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எழுதச் சொல்லிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். அவர் உடனே போகவில்லை. ஒரு கையால் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டார். "ஏலே சுருளி, துண்டு நழுவிருச்சுப்பே" என்றார். என் மேல் சந்தேகமே இல்லை. நான் தவறி விட்டுவிட்டேன் என்றே நினைத்தார். குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நகமெல்லாம் சுண்ணாம்பும் வெற்றிலைக் காவியும். என் கையில் ஒட்டியது. அதற்காகத்தான் நான் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைக் கழுவ வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை அவர் தலை தெரிந்தது. சத்தம் போடவில்லை. முதல் வரி சரிதான் என்று அப்போது தோன்றியது.

எட்டரை மணிக்கு மார்க்கையன்கோட்டை முக்கில் ஃப்ளெக்ஸைக் கட்டினேன். நானே கம்பு நட்டு, நானே கயிறு முடிந்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, யாராவது வாசிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

என் தவறு அதுதான். தொழில் பழக்கம். செத்தவுடனே ஃப்ளெக்ஸ் ஏற வேண்டும் என்பது கையில் ஊறிவிட்டது. ஆள் செத்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது கட்டி முடித்து டீ சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. பத்து மணிக்குத்தான் கீழே தடுப்பணையில் உடம்பு ஒதுங்கியது. அதற்கு முன்னாலேயே மாரீஸ்வரி, ஆற்றுக்குப் போன மாமனாரை இன்னும் காணவில்லையே என்று தேடிக்கொண்டு அந்த முக்குக்கு வந்துவிட்டது. கையில் அவருக்கு மாற்று வேட்டி. ஃப்ளெக்ஸைப் பார்த்தது. முதலில் சிரித்தது, சார். போன வருஷம் எழுதி வைத்ததை யாரோ கேலிக்கு அடித்துக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கும். அப்புறம் தேதியைப் பார்த்தது.

"இன்னைக்குத் தேதி போட்டிருக்கே. எங்க மாமா எங்க? ஏண்ணே, எங்க மாமா எங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டது. டீக்கடை முழுக்க என் பக்கம் திரும்பியது.

அந்த ஃப்ளெக்ஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. கூட்டம் கூடியது. அத்தனை பேரும் போட்டோவைப் பார்த்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு ஆள்கூட, ஒரே ஒரு ஆள்கூட, தேதிக்குக் கீழே இருந்த வரிகளைப் படிக்கவில்லை. பன் தின்றுகொண்டிருந்த ஒருவன் வாயை மூடாமலே தேதியை மட்டும் செல்போனில் படம் பிடித்தான். உமிழ்நீரில் ஊறிய பன் அவன் நாக்கில் கிடந்தது எனக்குத் தெரிந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய நீங்களும் தேதியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினீர்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. உங்கள் வேலை அது.

அண்ணனுக்கு வேறு கடையில் அடித்துக் கட்டிவிட்டார்களாம். ராமுத்தாய் நேற்றுச் சொன்னாள். இமயம் சரிந்தது என்று போட்டிருக்கிறார்களாம். அதன் முன்னால் நின்று ஊரே அழுகிறதாம். இதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மேலே எழுதியதெல்லாம் நானாக, யாரும் மிரட்டாமல் எழுதியது. ஞானசிகாமணி அண்ணனைக் கொன்றது நான்தான். அவருக்கென்று எழுதியதை அவரோடு சேர்த்தேன், அவ்வளவுதான். அதை வேறு யாருக்கும் போட முடியாது என்பதால்தான் இவ்வளவும்.

கடைசியாக ஒரு உதவி, சார். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. ஜெயிலில் எதுவும் ஆகலாம். அப்படி ஆனால் ஈஸ்வரபாண்டிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். பென்டிரைவ் எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பேரையும் போட்டோவையும் மட்டும் மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.